சிக்னல் இருந்தால் போதாது, பேச்சு காதில் விழ வேண்டும்

எளாவூர்ச் சோதனைச் சாவடி வழியாக நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் போகிற லாரிக்காரர்களிடம் இந்தப் பக்கத்தில் தொலைபேசிக் குறை இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை 16, இன்னொரு பக்கம் சென்னை – கூடூர் ரயில் பாதை, இரண்டையும் ஒட்டிக் கோபுரங்கள். கைபேசித் திரையில் கோடுகள் நிறைந்து நிற்கும். அதே கைபேசியோடு சாலையை விட்டுச் சுண்ணாம்புக்குளம் பக்கம் திரும்பி ஏரிக்கரைக் குப்பங்களுக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடு அப்போதும் இருக்கிறது என்பார்கள். அழைப்பு போகிறது, எதிர்முனையில் எடுக்கவும் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தொல்லை. பாதிச் சொல் கேட்கும், பாதி விழுங்கப்படும், நடுவில் சத்தமே இல்லாமல் சில விநாடிகள் ஓடும். "அண்ணே, கேக்குதா? இப்ப கேக்குதா?" என்பதிலேயே பேச்சின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது.

இதைச் சின்னச் சங்கடம் என்று நாம் நெடுநாளாகத் தள்ளிவைத்திருக்கிறோம். பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்குக் கைபேசி ஒரு தொழில் கருவி. விடியற்காலையில் இறால் கரையேறியதும் ஏவாரியிடம் விலை கேட்பது போனில்தான். அறுபது, எழுபது, எண்பது என்ற மூன்று எண்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் 'பது' என்றே முடிகின்றன. முதல் அசை விழுந்துவிட்டால் எது எது என்று தெரியாது. கைபேசி நம் குரலை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது. வரிசையாகப் பத்துத் துண்டுகள் வழியில் தொலைந்தால் ஓர் அசை போய்விடும். கிலோ முந்நூற்று அறுபதா, முந்நூற்று எழுபதா? நாற்பது கிலோ இறாலுக்கு அது நானூறு ரூபாய் வித்தியாசம். கரையில் நிற்கும் அக்கா ஒரு விலையை மனதில் வைத்துக் கூடையை ஏற்றிவிடுவார். ஏவாரி வேறொரு விலைக்குக் கணக்கு எழுதியிருப்பார். சாயங்காலம் வரும் சண்டைக்கு இருவரில் எவரும் காரணமில்லை.

நானூறு ரூபாயை மறுநாள் பிடித்துவிடலாம். 108க்குப் பேசும்போது அது முடியாது. கரையோரத்தில் எத்தனையோ ஊர்களின் பெயர் 'குப்பம்' என்று முடிகிறது. முன்பாதி விழுங்கப்பட்டால் சென்னையில் அழைப்பை எடுப்பவருக்கு எல்லாக் குப்பமும் ஒன்றுதான். பிரசவ வலியில் ஒரு பெண் துடிக்கும்போது வீட்டார் ஊர்ப் பெயரை நான்கு முறை கத்திச் சொல்ல நேர்ந்தால், போனது நான்கு மடங்கு நேரம். இதில் எல்லைச் சிக்கல் வேறு. ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ரயில் நிலையம் தடா, அது ஆந்திரம். கைபேசி அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால், அவசர அழைப்பு அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும் வாய்ப்பு உண்டு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் நம் மக்கள் மொழியைச் சமாளித்துவிடுவார்கள். வண்டி எந்த மாநிலத்திலிருந்து வர வேண்டும் என்பதை விளக்கவாவது குரல் தெளிவாகப் போக வேண்டாமா?

கோடு நிறைந்திருந்தும் குரல் உடைவது ஏன்? திரையில் தெரியும் கோடு அலையின் வலிமையைக் காட்டுகிறது, அதன் தெளிவை அது காட்டுவதில்லை. ஏரியின் மேல் மரமோ கட்டடமோ குறுக்கே நிற்பதில்லை. அதனால் தொலைதூரத்துக் கோபுரங்களின் அலைகளும் தடையின்றி வந்து சேர்கின்றன. பல கோபுரங்களின் அலைகள் ஏறக்குறைய ஒரே வலிமையில் வரும்போது ஒன்றின் அலை மற்றதற்கு இரைச்சலாகிறது. கைபேசி எதைப் பிடிப்பது என்று தாவிக்கொண்டே இருக்கும், தாவும்போதெல்லாம் பேச்சு நொறுங்கும். நீரில் பட்டுத் திரும்பும் அலை நேரே வரும் அலையோடு மோதி அதை மங்கச் செய்வதும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. கோபுரத்தின் குரல் நமக்கு எட்டுவதால் நம் குரலும் அதற்கு எட்டிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கோபுரத்தின் ஆற்றல் பெரிது, கையடக்கக் கருவியின் ஆற்றல் சிறிது. அவர்கள் பேசுவது நமக்குக் கேட்டும் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைபேசியில் குரல் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது எப்போதுமே பணக் கணக்கோடு சேர்ந்து முடிவான விஷயம். சென்னைக்கு 1882இல் தொலைபேசி இணைப்பகம் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து உலகம் முழுவதும் நிலைத்த அளவு, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்பது. மனிதக் குரலில் அதற்கு மேலும் கீழும் ஒலி உண்டு. ச, ஸ போன்ற உரசொலிகளின் பெரும்பங்கு அந்த மேல் எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது. கம்பிச் செலவை மிச்சம் பிடிக்க அதை வெட்டினார்கள். பின்னர் குரல் எண்களாக மாறியபோது விநாடிக்கு 8,000 மாதிரி, ஒவ்வொன்றுக்கும் 8 பிட், ஆக விநாடிக்கு 64 கிலோபிட் என்று கணக்கு வந்தது. இரண்டாம் தலைமுறைக் கைபேசி அதே குரலை 13 கிலோபிட்டுக்குள் அமுக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது 4ஜி வழியே குரலைக் கொண்டுபோகும் வோல்டி முறை இந்தியாவில் பரவத் தொடங்கியது. அதில் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அனுப்ப முடிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்பது அதனால்தான்.

ஆனால் அந்தத் தெளிவு கிடைக்க இரண்டு முனைகளும், இடையிலுள்ள வழி முழுவதும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஒரு முனையில் பழைய பொத்தான் போன் இருந்தாலோ, கரையில் 4ஜி மங்கி அழைப்பு 2ஜிக்கு இறங்கினாலோ, முழுப் பேச்சும் அந்தத் தாழ்ந்த தரத்துக்கு வந்துவிடும். தொலைபேசிக் குரலின் தரத்தை வழியிலுள்ள மிக மோசமான ஒரு பகுதியே தீர்மானிக்கிறது. நிறுவனம், அரசு, ஊராட்சி, பேசுகிறவர் என்று பலர் கையிலிருக்கும் பல பகுதிகள் அந்த வழியில் உள்ளன. ஒருவர் மட்டும் திருந்தினால் போதாது என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

முதல் பொறுப்பு நிறுவனங்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. பொதுச் சொத்தை உரிமம் பெற்றுப் பயன்படுத்துகிறவர்கள் நெடுஞ்சாலைக்கு மட்டும் கோபுரம் நட்டுவிட்டு ஏரிக்கரையை அதன் மிச்ச அலைக்கு விட்டுவிடக் கூடாது. ஏரியை நோக்கி அலைக்கம்பியைச் சற்றுத் திருப்புவதும், தொலைதூரக் கோபுரத்தின் வீச்சைக் குறைத்து அருகிலுள்ளதை வலுப்படுத்துவதும் பெரும் செலவில்லாத வேலைகள். நேரில் வந்து நின்று பார்க்கும் மனம்தான் வேண்டும். புயல் நாட்களுக்கான மின்கலமும் அவர்கள் பொறுப்பே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் மின்சாரம் போன கையோடு பல இடங்களில் கைபேசிச் சேவையும் போனது. தொலைபேசி மிகவும் தேவைப்படும் நாளில் அது ஊமையாகிறது. கரையோரக் கோபுரங்களுக்கு மின்வாரியம் முன்னுரிமை கொடுத்து மின்சாரத்தை மீட்டால் பாதித் துன்பம் குறையும்.

ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் ஒரு விதி கொண்டுவந்தது. அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய், நாளுக்கு மூன்று ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றது. 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிறுவனத்தின் தவறில்லாத காரணங்களாலும் அழைப்பு அறுகிறது என்ற வாதம் அந்த வழக்கில் எடுபட்டது. நிறுவனங்கள் கைகழுவ அந்தத் தீர்ப்பு அனுமதி தரவில்லை. மற்ற காரணங்களை மற்றவர்கள் சரிசெய்ய வேண்டும் என்றுதான் நாம் அதைப் படிக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் டிராய் புதிய தர விதிகளை வெளியிட்டு அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குரல் துண்டுகள் வழியில் எத்தனை தொலைகின்றன என்பதற்கும் அதில் வரம்பு உண்டு. எந்தச் சேவை எங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் இணையதளத்தில் போட வேண்டும் என்பதும் விதி. நல்ல விதிகள், வரவேற்கிறோம். இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் சேவை நின்றால் இழப்பீடு என்று வரும்போது அதில் கணக்கு மாவட்ட அளவில். மாவட்டம் முழுக்க நன்றாக இருந்து நான்கு குப்பங்கள் மட்டும் ஊமையானால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. டிராயின் சோதனை வண்டி சாலை வழியே ஓடித் தரத்தை அளக்கிறது. தார்ச் சாலை முடியும் இடத்தில் அளவையும் முடிந்துவிடுகிறது. ஏரியில் படகேறி அளந்தால்தான் எங்கள் நிலை தெரியும். அப்படி ஒரு சோதனையை இந்த ஏரியில், இரு மாநிலக் கரைகளுக்கும் சேர்த்து நடத்தும்படி டிராயைக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கோபுரம் வேண்டும் என்று மனு கொடுக்கிறோம், எங்கள் தெருவில் வேண்டாம் என்று இன்னொரு மனுவும் கொடுக்கிறோம். கதிர்வீச்சு அச்சத்தைக் கேலி செய்வது தவறு, பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வரத்தான் செய்யும். உண்மை நிலவரத்தை எடுத்துச் சொல்வதே வழி. கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 முதல் வைத்திருக்கும் வரம்பு, சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்கு. எந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது, அது வரம்புக்குள் இருக்கிறதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' தளத்தில் பார்க்கலாம். கட்டணம் செலுத்திக் கேட்டால் நேரில் வந்தும் அளப்பார்கள். கோபுரம் தொலைவில் இருக்கும்போதுதான் காதோடு ஒட்டியிருக்கும் கைபேசி அதிக ஆற்றலோடு அலை வீசுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊராட்சி ஒரு கூட்டம் போட்டு, மருத்துவரையும் பொறியாளரையும் அழைத்து, பள்ளிக்கும் குடியிருப்புக்கும் தள்ளி ஓர் இடத்தை ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் வழக்கு வராது, வேலையும் நிற்காது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். அங்கே எதை நடவும் வனத்துறையின் அனுமதி வேண்டும், வேண்டியதுதான். பறவைகளுக்கு இடைஞ்சலில்லாத இடத்தை வனத்துறையும் ஊராரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய இயலாதா என்ன?

நிலத்துக்கடியில் ஓடும் கண்ணாடியிழை வடத்தைப் பொக்லைன் வாளி அறுத்துவிட்டால், கோபுரம் நின்றுகொண்டிருந்தும் பேச்சு போகாது. குடிநீர்க் குழாய்க்கோ வடிகாலுக்கோ தோண்டுமுன் வடம் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவிக்க 2023 மார்ச்சில் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியது. ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுக்கும்போதே அந்தச் செயலியில் பதிந்த விவரத்தை ஊராட்சி கேட்டு வாங்க வேண்டும்.

கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியதும் உண்டு. உப்புக்காற்றும் ஈரக்கையும் சேர்ந்து கைபேசியின் அடியிலுள்ள ஒலிவாங்கித் துளையில் மெல்லிய உப்புப் பொருக்கைப் படியவைக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. எதிர்முனையில் குரல் கம்மிப்போய்க் கேட்கும், நாம் நெட்வொர்க்கைத் திட்டுவோம். காய்ந்த மெல்லிய தூரிகையால் வாரம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். ஊசியால் குத்தக் கூடாது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பேசினால் குரல் மங்கும். படகில் இயந்திரம் ஓடும்போது ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவதைவிட, இயந்திரத்தை நிறுத்திக் காற்றுக்கு முதுகு காட்டி நின்று நிதானமாகப் பேசுவது மேல். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லலாம். 'முந்நூற்று எழுபது' என்பதோடு 'மூணு, ஏழு, சைபர்' என்றும் சொல்லி, எதிர்முனை அதைத் திருப்பிச் சொன்ன பிறகே கூடையை ஏற்றலாம். விமானிகளும் கப்பல் மாலுமிகளும் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கத்தை வைத்திருப்பது உயிரைக் காக்கத்தான். இதெல்லாம் நிறுவனத்தின் கடமைக்கு மாற்றாகாது. அந்தக் கடமை நிறைவேறும் வரை நம்மை நாம் காத்துக்கொள்ள உதவும்.

பலர் கை சேர்ந்தால் ஒரு தொலைபேசிக் குரல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்க் கரையிலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஓர் இளைஞர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்திலிருந்த தன் வீட்டாரை அழைத்தார். செய்தி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்துக்குப் போனது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். கடல் கடந்து வந்த அந்த அழைப்பு உடைந்து கேட்டிருந்தால்? 'தண்ணி', 'ஓடு' என்ற இரண்டு சொற்களில் ஒன்று விழுங்கப்பட்டிருந்தால்? கம்பி வைத்தவர், மையம் நடத்தியவர், ஒலிபெருக்கியைப் பழுதில்லாமல் வைத்திருந்தவர், சொன்னதை நம்பி ஓடிய ஊரார் என எல்லோரும் அவரவர் பங்கைச் செய்திருந்தார்கள். இன்று எச்சரிக்கை எழுத்தாகவும் கைபேசிக்கு வருகிறது, நல்லது. ஆனால் கண் மங்கிய பெரியவரும் படிக்கத் தெரியாத மீன்கூடைக்காரம்மாவும் எச்சரிக்கையை இன்னொருவர் குரல் வழியாகத்தான் அறிவார்கள்.

நம் நாட்டில் இதற்கான திறமைக்கும் குறைவில்லை. 1984இல் தொடங்கிய சி-டாட், குளிர்சாதனம் இல்லாமலே வெயிலையும் தூசியையும் தாங்கும் கிராமத் தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு தொண்ணூறுகளில் உருவாக்கிய கார்டெக்ட், கம்பியில்லாமல் கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுவந்தது. அதில் குரல் விநாடிக்கு 32 கிலோபிட்டில் போனது. செலவைக் குறைத்தார்கள், கிராமத்தான்தானே என்று குரலை நசுக்கவில்லை. அந்த மரியாதை இன்றும் தேவை. சென்னை ஐஐடி எளாவூரிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. மாணவர்களை ஒரு பருவத்துக்கு இந்த ஏரிக்கு அனுப்பி அளக்கச் சொன்னால் அவர்களுக்கும் பாடம், எங்களுக்கும் பலன்.

கோபுரத்தைப் பகிர்வது பற்றி நிறுவனங்கள் இந்த ஏரியிடமே கற்கலாம். இங்கே பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை வைப்பது என்று முறை போட்டு, எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்படி தலைமுறைகளாக ஏரியைப் பகிர்ந்து வருகிறார்கள். மீறுகிறவரை ஊர் கேள்வி கேட்கும். வான் அலையும் அப்படிப் பொதுவில் உள்ள வளம்தான். அரசு நிதியில் நட்ட கோபுரங்களில் பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் எவரும் எந்தக் கோபுரத்தையும் பயன்படுத்தும் ஏற்பாட்டை மத்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கியது. ஏரிக்கரை முழுவதிலும், குறைந்தது புயல் எச்சரிக்கை நாட்களிலாவது, அந்தப் பகிர்வு தானாக நடைமுறைக்கு வர வேண்டும். ஒரு குப்பத்துக்கு மூன்று நிறுவனங்களின் மூன்று அரைகுறைச் சேவைகள் இருப்பதைவிட, மூவரும் பகிரும் ஒரு நல்ல கோபுரம் மேல்.

இனி ஊர் செய்ய வேண்டியது. 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெச்சர் குழுவினர் தொலைபேசியின் தரத்தை அளந்த விதம் எளிமையானது. ஒருவர் இந்த முனையில் அசைகளைப் படிப்பார், மறுமுனையில் இருப்பவர் காதில் விழுந்ததை எழுதுவார். நூறு படித்ததில் எத்தனை சரி என்று எண்ணுவார்கள். இதைச் செய்ய நமக்கு ஆய்வகம் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் இருவர், ஒரு தாள், இருபது ஊர்ப் பெயர்கள், இருபது எண்கள் போதும். படகுத்துறை, ஏலம் போடும் இடம், ரேஷன் கடை, சுகாதார நிலைய வாசல் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு நிறுவனத்தின் கைபேசியிலும், காலையிலும் இரவிலும் படித்துக் காட்டட்டும். சென்னையிலுள்ள உறவினர் கேட்டதை எழுதி அனுப்பட்டும். இடம், நேரம், நிறுவனம், நாற்பதில் எத்தனை சரி என்ற நான்கு விவரங்களை ஒரு நோட்டில் ஏற்றினால், "சிக்னல் சரியில்லை" என்ற புலம்பல் எவரும் மறுக்க முடியாத சான்றாக மாறிவிடும்.

அந்த நோட்டோடு 198க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்தில் எளாவூரும் ஏரிக்கரை ஊராட்சிகள் அனைத்தும் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றி, மாவட்ட ஆட்சியருக்கும் டிராய்க்கும் நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும். எல்லைக்கு அப்பால் தடா பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கும் இதே ஏரிதான். அந்த நோட்டுக்கான முதல் பக்கத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.